“ஒருக்கா பாருங்க” என்று சொன்னால் போதாது

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரப் பராமரிப்புப் பொறியியலாளராக வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன், என் குழுவில் இருந்த இளம் ஃபிட்டர் ஒருவரிடம், “நாலாம் நம்பர் வாட்டுத் தொட்டி ஃபேனை ஒருக்கா பாருங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனேன். பறித்த கொழுந்தை வாட்டும் தொட்டிக்குக் காற்றடிக்கும் விசிறி அது. திரும்பி வந்து கேட்டபோது, “பார்த்தேன் சேர், ஓடுது” என்றார். எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொண்டேன். இரண்டு நாட்கள் அவர் யாருடனும் பேசவில்லை. நான் சொன்னதை அவர் அப்படியே செய்திருந்தார் என்பதும், மனதில் வைத்திருந்ததை நான்தான் சொல்லவில்லை என்பதும் பிறகே எனக்குப் புரிந்தன.

மறுவாரம் அதே வேலையை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன்: பெல்ட்டின் இழுவை, பெயாரிங்கின் சூடு, போல்ட்டுகளின் இறுக்கம், 10 மணிக்கு முன். மூன்றையும் பார்த்து முடித்தவர், மோட்டர்க் கப்பியும் ஃபேன் கப்பியும் 3 மில்லிமீற்றர் விலகி நிற்பதாக அடியில் குறித்திருந்தார். பெல்ட் அடிக்கடி தேய்ந்ததற்குக் காரணம் அதுதான்.

சொல்லும் விதம் சிலருக்கு இன்னும் அதிகமாக முக்கியம். ஓட்டிசம், ஏடிஎச்டி (கவனம் சிதறும், அமைதியாக இருக்க முடியாத நிலை), டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் உள்ள சிரமம்) ஆகியவை சோம்பலோ திமிரோ அல்ல. மூளை தகவலை வாங்கிக் கையாளும் விதத்தில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடுகள். ஓசை, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கைநூல் ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ரோலர்கள் சுழலும் அறையில் நின்றுகொண்டு நாம் கத்திச் சொல்லும் உத்தரவு அத்தகைய ஒருவரின் காதில் விழுந்தாலும், அந்த இரைச்சலிலிருந்து அதைப் பிரித்தெடுப்பதிலேயே அவருடைய கவனம் தீர்ந்துவிடக்கூடும். ஆகவே இப்போது நாங்கள் வேலையைக் காரியாலயத்தில் வைத்தே சொல்கிறோம். காதுறையோடு கூட்டத்தில் இருப்பதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. சுவிட்ச்போர்டில் ஒருவர் நிற்கும்போது அவரைக் கூப்பிடக் கூடாது என்பதும் எங்கள் விதி. கவனம் எளிதில் சிதறுபவர் மெயின் சுவிட்சைப் பூட்டும் படியைத் தவறவிட்டால், இழப்பது ஒரு கையாகக்கூட இருக்கலாம்.

மலையகத்தில் இன்னொரு சுமையும் உண்டு. பேச்சு தமிழில், சுற்றறிக்கை சிங்களத்தில், ஷிப்ட் புத்தகம் ஆங்கிலத்தில் என்று இருக்கும்போது, எழுத்துக்களோடு போராடும் ஒருவர் மூன்று மடங்கு போராட வேண்டியிருக்கிறது. எங்கள் எலக்ட்ரீஷியன் ஒருவர் இப்போது அறிக்கையை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புகிறார்; எழுதும் வேலையை உதவியாளர் பார்த்துக்கொள்கிறார்.

இத்தகையவர்களிடம் அபூர்வத் திறமை இருக்கும் என்று புகழ்வோரும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. அபூர்வத் திறமை எதுவும் இல்லாமல் சாதாரணமாக வேலை செய்பவருக்கும் இதே வசதி உரியது. ஊனத்தைக் காரணம் காட்டி வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டுவதை இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் வேலைத்தளத்தில் நியாயமான இசைவாக்கத்தை, அதாவது ஊழியரின் தேவைக்கேற்ற மாற்றங்களை, கோருகிறது. ஆனால் சிறுவயதில் பரிசோதனை வாய்ப்பே கிடைக்காத எங்கள் பிள்ளைகளிடம் மருத்துவச் சான்றிதழ் இருப்பதில்லை. அதனால் நான் சான்றிதழ் கேட்பதில்லை, “எப்படிச் சொன்னால் உங்களுக்கு லேசு?” என்று தனியாகக் கேட்கிறேன். பதிலை வெளியே சொல்வதுமில்லை.

பெரியவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசாமல் இருப்பதை மரியாதை என்று லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) சொல்லி வளர்க்கிறோம். அதையே நேர்முகத் தேர்வில் எதையோ மறைப்பதாக எடுத்துக்கொண்டு புள்ளியைக் குறைக்கிறோம். அந்த ஃபிட்டருக்கு அடுத்த மாதம் பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வு இருக்கிறது. அதற்குப் பதிலாக, பழுதான கியர்பாக்ஸ் ஒன்றை அவர் முன் வைத்துச் சோதிக்குமாறு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை; திங்கட்கிழமை நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.