தக்க ஏற்பாடு: ‘நியாயமான தங்குமிடம்’ என்னும் பிழை

தண்டையார்பேட்டையில் மாற்றுத்திறனாளிகளின் கோரிக்கைகளைத் தொகுப்பதற்காக நடந்த கூட்டமொன்றில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். ‘பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான தங்குமிடம் உறுதி செய்யப்பட வேண்டும்’ என்று அதில் அச்சாகியிருந்தது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மா, அந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, “ஹவுசிங் போர்டு வீடா தம்பி? இங்கேயே தருவாங்களா, பெரும்பாக்கத்துக்கு அனுப்புவாங்களா?” என்றார். நீர்நிலையோரக் குடிசைகள் அகற்றப்பட்டு, அங்கிருந்தவர்கள் நகரின் தென்கோடிக்கு அனுப்பப்படுவதைக் கண்டுவரும் வடசென்னையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் தோன்றாது. இதே தொடரைப் பயிற்சிக் கையேடுகளிலும் அறிவிப்புகளிலும் மீண்டும் மீண்டும் பார்த்துவிட்டதால், இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

மூலத்தொடர் ‘ரீசனபிள் அக்காமடேஷன்’. இதன் லத்தீன் வேருக்குப் பொருந்தச் செய்தல் என்று பொருள். விருந்தினருக்கு இடம் பொருத்திக் கொடுப்பது என்ற வழியில் தங்குமிடம் என்ற பொருள் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. சட்டச் சொல்லாக இது வளர்ந்தது சமயச் சிறுபான்மையினரை ஒட்டித்தான். சனிக்கிழமை ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பவருக்கு வேலைநேரத்தை மாற்றிக் கொடுப்பது போன்றவற்றை முதலாளியின் கடமையாக்கி 1972இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டம் திருத்தப்பட்டது. பிறகு அது ஊனமுற்றோர் உரிமைக்குள் வந்து, 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையிலும், அதையொட்டி இயற்றப்பட்ட நமது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இலும் இடம்பெற்றது. ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தம் உரிமையை நுகர்வதற்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்களை, அளவுக்கு மீறிய சுமை ஏற்படாத வகையில், அவருடைய நிலைமைக்கென்றே செய்து தருவது என்பதே அச்சட்டம் கூறும் பொருளின் சாரம்.

‘அவருடைய நிலைமைக்கென்றே’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அலுவலக வாசலில் சாய்தளம் அமைப்பது யாவருக்கும் பொதுவான தடையற்ற சூழல். மாடியில் இருக்கும் பிரிவில் வேலை செய்யும் தட்டச்சர் ஒருவரின் மேசையைத் தரைத்தளத்துக்கு மாற்றுவதும், காது கேளாத ஒருவர் மனு கொடுக்க வரும்போது சைகைமொழி பெயர்ப்பாளரை வரவழைப்பதும், தேர்வில் சொல்வதை எழுதுபவரை அமர்த்துவதும் வேறு வகையைச் சேர்ந்தவை. எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும் குறைபாடுடைய குடிமைப்பணித் தேர்வர் ஒருவருக்கு, ஊனம் 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்ற வரம்பைக் காட்டிச் சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இந்தக் கோட்பாட்டின் மேல் நின்றுதான்.

தங்குமிடம், இடவசதி ஆகியவை அகராதியின் முதல் பொருளைப் பார்த்துப் போட்டவை. அவற்றோடு நெடுநேரம் மல்லுக்கட்டத் தேவையில்லை. எனக்குக் கவலை தருபவை, பார்ப்பதற்குச் சரியாகத் தோன்றும் மற்ற மூன்று சொற்கள். முதலாவது ‘சலுகை’. சலுகை என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. இன்று தரலாம், நாளை நிறுத்தலாம், வாங்கியவர் நன்றி சொல்லியாக வேண்டும். பேருந்துக் கட்டணத்தில் சலுகை என்று சொல்லிப் பழகிய வாய், சட்டப்படி செய்தே ஆக வேண்டிய ஒன்றையும் அதே சொல்லால் குறிக்கும்போது, மனு எழுதுகிறவரே தம் உரிமையை இரக்கமாகச் சுருக்கிக்கொள்கிறார். அடுத்தது ‘அனுசரிப்பு’. வீட்டிலும் வேலையிலும் எளியவரைப் பார்த்தே “கொஞ்சம் அனுசரித்துப் போ” என்று சொல்கிறோம். வலியவரிடம் அப்படிச் சொல்வதில்லை. நிறுவனம் வளைந்துகொடுக்க வேண்டிய இடத்தில், தவழ்ந்து படியேறுகிறவரையே மேலும் வளையச் சொல்லும் சொல் இது.

மூன்றாவதான ‘தகவமைப்பு’, தனித்தமிழ் அன்பர்கள் பெரிதும் விரும்புவது. நானும் தமிழ்ச் சொல்லையே விரும்புகிறவன். ஆயினும் இதை ஏற்க முடியவில்லை. பள்ளி அறிவியல் பாடத்தில் தகவமைப்பு என்பது சூழலுக்கேற்ப உயிர் தன்னை மாற்றிக்கொள்வது. பாலைவனம் ஒட்டகத்துக்காக மாறவில்லை. இங்கோ, மனிதருக்கேற்ப மாற வேண்டியது சூழல். தமிழாக இருப்பது மட்டும் ஒரு சொல்லைச் சரியாக்கிவிடாது; அது சுட்டும் திசையும் சரியாக இருக்க வேண்டும்.

ஆகவே நான் முன்வைப்பது ‘தக்க ஏற்பாடு’. ‘ஏல்’ என்னும் வினைக்குப் பொருந்துதல் என்பது பொருள். ‘ஏற்ற’ என்று நாள்தோறும் வழங்குவதும் அதே வேர்தான். (தொல்காப்பியம் நெய்தலுக்குரிய பொழுதாகக் கூறும் ‘எற்பாடு’ குறிலில் தொடங்கும் வேறு சொல்.) லத்தீன் வேரின் பொருளும் இந்த வேரின் பொருளும் இப்படி ஒத்துப்போவது அரிது. அதைவிட முக்கியமாக, ஏற்பாடு என்றாலே செய்கிறவர் ஒருவர் இருக்கிறார்; “ஏற்பாடு செய்து கொடுங்கள்” என்பது காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் எவர் வாயிலும் வரும் பேச்சு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று கிறித்தவத் தமிழில் அச்சொல் வாக்கு மாறாத உடன்படிக்கையைக் குறிப்பதும் ராயபுரத்துக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ‘நியாயமான’ என்பதை விலக்குவதற்குக் காரணம் வடமொழி என்பது மட்டுமன்று. நியாய விலை என்பதுபோல, பேசிக் குறைத்துக்கொள்ளலாம் என்ற சாயல் அதில் ஏறிவிட்டது. ‘தகு’ என்னும் வேரோ பொருத்தம், நீதி இரண்டையும் தாங்குவது. ‘தகுதி எனவொன்று நன்றே’ என்ற குறளில் தகுதிக்கு நடுவுநிலைமை என்றுதான் பரிமேலழகர் உரை எழுதினார்.

மொழிபெயர்ப்பாளர்கள்மீது எனக்குள்ள மனக்குறை இதுதான்: தொடர் எந்தச் சட்டத்தில், யாருக்காக வருகிறது என்று பாராமலும், அந்தத் தாளைக் கையில் வாங்கப்போகிறவர் ஒருவரிடமாவது படித்துக் காட்டாமலும் அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இப்போது கணினி தரும் மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. சிறுபான்மையாக உள்ளவர்களுக்குத் தீர்வு சொல்லும் அறிக்கையில் இந்தக் கவனக்குறைவு கூடுதலாகத் தீங்கு செய்கிறது. பெரும்பான்மையோருக்குச் சொல் தவறினாலும் வழக்கம் கைகொடுக்கும், இவர்களுக்கோ காகிதத்தில் எழுதியிருப்பதே பிடிமானம்.

கோரிக்கை எழுதுகிறவர்கள் தொடரை மட்டும் போட்டு நிறுத்திவிடாமல், என்ன ஏற்பாடு என்பதையும் உடன் எழுத வேண்டும்: ‘என் பணியிடத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தருவதே எனக்குரிய தக்க ஏற்பாடு.’ நிறுவனம் மறுக்குமானால், அந்த மாற்றம் எவ்வாறு மிகைச்சுமை ஆகிறது என்று காரணம் காட்டுமாறு கேட்க வேண்டும். சட்டம் சொல்லும் அளவுக்கு மீறிய சுமைக்கு ‘மிகைச்சுமை’ என்பதே போதும். காரணமின்றி மறுத்தால், அதைத் ‘தக்க ஏற்பாடு மறுப்பு’ என்றே பெயரிட்டு எழுதலாம். அம்மறுப்பைச் சட்டம் பாகுபாட்டின் வகைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது.