நடக்கத் தொடங்கினேன், நிறை கூடிவிட்டதே!

சென்ற வருடம் ஒரு ரீச்சர் கிளினிக்குக்கு வந்து, ஒற்றை ரூல் கொப்பி ஒன்றை மேசையில் விரித்து வைத்தார். ஒவ்வொரு நாள் காலை நிறையும் திகதியோடு எழுதியிருந்தது. முதல் நாள் 68.2 கிலோ. 10ஆம் நாள் 69.9. அந்தக் கடைசி இலக்கத்தைச் சிவப்புப் பேனையால் இரண்டு தரம் வட்டமிட்டிருந்தார்.

"விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் பண்ணைப் பக்கம் 45 நிமிடம் நடக்கிறேன், டொக்டர். வீட்டுக்கு வந்து யூடியூப் பார்த்து இருந்தெழும்புற பயிற்சியும் செய்கிறேன். எனக்கு இது சரிவராது போல. விட்டுவிடவா?"

இந்தக் கேள்விதான் எனக்குப் பயம். கேட்க வராமலேயே விட்டுவிடுகிறவர்கள் எத்தனை பேரோ!

அந்தக் கொப்பியின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிகுதியாக வேண்டும். 1.7 கிலோ என்றால் 13,000 கலோரிக்கு மேல். 10 நாளில் அது சேர, தேவைக்கு மேலே தினமும் 1,300 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். "அப்படிச் சாப்பிட்டீங்களா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். அப்படியானால் கூடியது கொழுப்பு இல்லை. பெரும்பாலும் தண்ணீர்.

அது எங்கிருந்து வருகிறது? பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் அதன் நார்களில் நுண்ணிய கீறல்கள் விழும். உடம்பு அதைத் திருத்த அந்த இடத்துக்கு நீரை அனுப்பும். ரீச்சருக்கு மூன்றாம் நாள் வகுப்பறைக் கதிரையிலிருந்து எழும்பத் தொடை விடவில்லையாம். அந்த நோவும் வீக்கமும் ஒன்றாக வருபவைதான். இன்னொன்று, தினமும் உழைக்கும் தசை மாச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கப் பழகும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதியும் முதல் சில நாட்களிலேயே கொஞ்சம் கூடும். இதயத்துக்கு அது நல்லது. இவற்றோடு மாதவிடாய்க்கு முந்தின நாட்களும், இரவுச் சாப்பாட்டில் கருவாடும் சேர்ந்தால், ஒன்றிரண்டு கிலோ ஏறுவது பெரிய விசயமே இல்லை.

"தசை வளர்ந்திட்டுது, அதுதான் நிறை" என்று ஜிம்மில் சொல்லி அனுப்புகிறார்கள். ஆறுதலுக்குச் சொல்வது, ஆனால் சரியில்லை. 10 நாளில் ஒன்றரைக் கிலோ தசை யாருக்கும் வளராது. அதேபோல, வெயிலில் ஓடிவிட்டு வந்து உடனே நிறை பார்த்து அரைக் கிலோ குறைந்தது என்று சந்தோசப்படவும் வேண்டாம். அது வியர்வை. ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும்.

ஒரு மாதம் கழிந்தும் ஏறிக்கொண்டே போனால் கதை வேறு. அப்போது நான் கேட்பது நடை முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான். 65 கிலோ உள்ளவர் அரை மணித்தியாலம் விறுவிறுப்பாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 150 கலோரி. மூன்று தேக்கரண்டி சீனி போட்ட பிளேன்ரீ இரண்டு குடித்தாலே 120 போய்விடும். கூட ஒரு ரோல்ஸ் சாப்பிட்டால் கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி கடிக்கிறேன் என்பவர்களுக்கும் இதேதான். பனங்கட்டியும் சர்க்கரைதான். காலையில் நடந்துவிட்டேன் என்று பகல் முழுக்கக் கதிரையில் இருப்பதும் உண்டு.

ரீச்சருக்கு இரண்டே மாற்றம் சொன்னேன். நிறையைக் கிழமைக்கு ஒருநாள், காலையில், சிறுநீர் கழித்த பின், வெறும் வயிற்றில், ஒரே தராசில், பாய் விரிக்காத சீமெந்துத் தரையில் பாருங்கள். அதோடு தொப்புள் மட்டத்தில் தையல் நாடாவால் இடுப்பையும் அளந்து எழுதுங்கள். நம்மவர்களில் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 தாண்டினால் கவனம் வேண்டும். 6 வாரம் கழித்து அதே கொப்பியோடு வந்தார். நிறை 67.8. தொடங்கியதை விட அரைக் கிலோகூடக் குறையவில்லை. ஆனால் இடுப்பு 4 சென்ரிமீற்றர் குறைந்திருந்தது.

சரி, எல்லாமே தண்ணீர் என்று இருந்துவிடவும் கூடாது. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறி, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கணுக்கால் வீங்குகிறதா? முன்காலில் எலும்பின் மேல் பெருவிரலால் சில விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் இதயம், சிறுநீரகம், ஈரல் பார்க்கப்பட வேண்டும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினால் இரவென்றாலும் விடியும்வரை பார்க்க வேண்டாம். குளிர் தாங்காமை, மலச்சிக்கல், ஓயாத களைப்பு இருந்தால் தைரொயிட் சோதிக்க வேண்டும். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை, பயோகிளிற்றசோன் என்ற நீரிழிவுக் குளிசை, இன்சுலின் எடுப்பவர்களுக்கு மருந்தாலும் நிறை கூடலாம். இன்சுலினோ, கிளிக்கிளசைட் என்ற நீரிழிவுக் குளிசையோ எடுப்பவருக்கு நடையின்போது இரத்தத்தில் சீனி இறங்கி, கை நடுங்கி, அகோரப் பசி எடுக்கலாம். பசிக்குச் சாப்பிடச் சாப்பிட நிறை ஏறும். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். குளிசைப் பெட்டியையும் நிறை எழுதிய தாளையும் அடுத்த கிளினிக்குக்குக் கையோடு கொண்டுவாருங்கள், அளவை மாற்றித் தரலாம்.