காரணம் தெரியாத வாந்தி, பேதி: ரிசல்ட் வரும்வரை நாயை எப்படிப் பார்த்துக்கொள்வது?

"டாக்டர், இதுக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்பவர்களிடம் "இன்னும் தெரியல" என்று சொல்ல வேண்டிய நாட்கள், தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் நிறைய உண்டு. நாய் சில வாரங்களாக விட்டு விட்டு வாந்தி எடுக்கிறது. ஒரு நாள் நன்றாகச் சாப்பிடுகிறது, மறுநாள் தட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. ரத்தம் எடுத்தாயிற்று, மலம் பார்த்தாயிற்று, எக்ஸ்ரேயும் ஆயிற்று. பளிச்சென்று ஒன்றும் இல்லை. அடுத்த டெஸ்டுகளுக்கு மாதிரியை வெளி லேபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருக்கும் நாட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். அப்போது வீட்டில் நாம் செய்வது நோயைக் கண்டுபிடிக்க உதவவும் செய்யும், கண்டுபிடிக்க முடியாதபடி மறைத்தும் விடும்.

ஏன் உடனே தெரிவதில்லை? வயிற்றுக்குத் தன் கஷ்டத்தைச் சொல்ல மூன்று நான்கு வழிகள்தான் உண்டு: வாந்தி, பேதி, பசியின்மை, எடை குறைவது. கோளாறு சிறுநீரகத்தில் இருந்தாலும், ஈரலில், கணையத்தில், அட்ரீனல் சுரப்பியில் இருந்தாலும், உண்ணிக் காய்ச்சலாக இருந்தாலும் முதலில் வெளியே தெரிவது பெரும்பாலும் இதே நான்குதான். ஆகவே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருகிறோம். "ஒண்ணும் இல்லைன்னு ரிசல்ட் வந்திருக்கு, காசு வீண்" என்று நினைக்காதீர்கள். அந்த 'ஒண்ணும் இல்லை' ஒரு கதவை மூடிவிட்டது. அது பெரிய விஷயம்.

முதலில் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். நாய் வாந்தி எடுக்கிறதா, இல்லை விழுங்கியது அப்படியே திரும்பி வருகிறதா? வாந்தி என்றால் வயிறு குலுங்கும், குமட்டும், எச்சில் வடியும், வருவது பாதி செரித்ததாகவோ மஞ்சள் பித்தமாகவோ இருக்கும். மற்றது அப்படியில்லை. தலையைத் தாழ்த்தும், குலுக்கல் எதுவும் இல்லாமல் சாப்பாடு குழாய் வடிவில் வந்து விழும். பெரும்பாலும் நாயே அதைத் திரும்பத் தின்னும். இரண்டாவது வகை என்றால் கோளாறு உணவுக்குழாயில் இருக்கலாம். டர்பனில் அப்படி என்றதும் என் மனம் முதலில் போவது ஸ்பைரோசெர்க்கா என்ற புழுவிடம்தான்.

இந்தப் புழுவைப் பற்றி இங்கே நாய் வளர்க்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நாய் மலத்தில் முட்டை வெளியே வருகிறது, சாணி வண்டு அதைத் தின்கிறது, வண்டை நாய் தின்கிறது. வண்டைத் தின்ற பல்லியையோ கோழியையோ நாய் தின்றாலும் போதும். உள்ளே போன புழு இரைப்பையின் சுவரைத் துளைத்து, ரத்தக்குழாய்ச் சுவர் வழியாகவே பெருந்தமனிவரை ஏறி, அங்கே சில மாதங்கள் தங்கி, பிறகு உணவுக்குழாயில் கட்டியாக உட்கார்ந்துகொள்ளும். சாப்பாடு இறங்காது, நாய் மெலியும், சிலவற்றுக்கு இருமல் வரும். கவனிக்காமல் விட்ட கட்டி புற்றாக மாறுவதும் உண்டு. பெருந்தமனி பலவீனமாகி வெடித்து, நேற்றுவரை ஓடிய நாய் இன்று காலை செத்துக் கிடப்பதும் உண்டு. மலத்தில் முட்டை தெரிய, வண்டு உள்ளே போனதிலிருந்து ஐந்தாறு மாதம் ஆகலாம். அப்போதும் எல்லா நாளும் தெரியாது. அதனால்தான் மலப் பரிசோதனை சுத்தமாக வந்த பிறகும் எக்ஸ்ரே, எண்டோஸ்கோப்பி (கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) என்று கேட்கிறோம். ஆரம்பத்திலேயே பிடித்தால் மருந்துக்குக் கேட்கும்.

இதில் நம் வீட்டு வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது சில வீடுகளில் கோழி அறுப்பார்கள். திறந்தவெளியில் மேய்ந்த கோழியாக இருந்தால் அதன் இரைப்பையிலும் குடலிலும் வண்டு வழியாக வந்த இந்தப் புழு இருக்க வாய்ப்புண்டு. அறுத்தபின் குடலையும் கழிவையும் நாய்க்குப் போடுவது பல வீடுகளில் பழக்கம். பூஜையை நான் குறை சொல்லவில்லை. குடலை மட்டும் நாய்க்குப் போடாதீர்கள், வேக வைக்காமல் எதையும் போடாதீர்கள். அதோடு முற்றத்தில் கிடக்கும் நாய் மலத்தைத் தினமும் அள்ளிவிடுங்கள். வண்டுக்குச் சாப்பாடு இல்லையென்றால் இந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

அடுத்து பிலியரி. இங்கே உண்ணிக் காய்ச்சலை அந்தப் பெயரில்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பபீசியா என்ற கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் வகை மூர்க்கமானது. "டாக்டர், வயிறுதான் சரியில்ல, சாப்பிட மாட்டேங்குது" என்று கூட்டி வருவார்கள். ஈறு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கும், மூத்திரம் காபி நிறத்தில் போகும், காய்ச்சல் அடிக்கும். காதோரத்திலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் பரப்பிப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். ஆகவே காத்திருக்கும் நாட்களில் தினம் ஒரு முறை உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும்.

குட்டி நாய், தடுப்பூசி முழுதாகப் போடாதது, ரத்தத்தோடு நாற்றமடிக்கும் பேதி என்றால் காத்திருக்கவே கூடாது. கேட்ஃப்ளூ என்று இங்கே சொல்கிறார்களே, அந்தப் பார்வோ வைரஸாக இருக்கலாம். அன்றைக்கே வாருங்கள்.

தண்ணீரையும் மறக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே உள்ள தொங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, அங்கே மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வாளியிலும் டிரம்மிலும் பிடித்து வைத்த தண்ணீரையும், முற்றத்தில் தேங்கியதையும்தான் பல வீட்டு நாய்கள் குடித்தன. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி அப்படி அசுத்தமான தண்ணீரில் பரவும். அதுவும் தினமும் மலத்தில் வெளிவராது. அதனால்தான் வெவ்வேறு நாளில் எடுத்த மாதிரிகளைக் கேட்கிறோம். ஒரே நாளில் மூன்று டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்தால் பலன் இல்லை.

எங்களையே ஏமாற்றும் நோய் ஒன்றும் இருக்கிறது. அட்ரீனல் சுரப்பி வேலை செய்யாமல் போகும் அடிசன்ஸ் நோய். நாய் தளர்ந்து வாந்தி எடுக்கும், டிரிப் ஏற்றினால் ஒரே நாளில் துள்ளி எழும், எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். சில வாரம் கழித்து மறுபடி அதே கதை. மனசுக்கு அதிர்ச்சியான சமயத்தில் இது பெரும்பாலும் தலைகாட்டும். தீபாவளி வெடி போட்ட இரவு, வீடு மாறிய வாரம், நாய்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் விட்டுவிட்டு ஊருக்குப் போன நாட்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடியிருந்தால் சந்தேகம் வரும். சில நாய்களில் அதுவும் சாதாரணமாகவே இருக்கும். அந்தச் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் அளவைப் பார்ப்பது சின்ன டெஸ்ட்தான், அளவு போதுமான அளவுக்கு இருந்தால் இந்த நோய் இல்லை என்று நிம்மதியாகத் தள்ளிவிடலாம். ஒவ்வொரு முறையும் எந்த நிகழ்ச்சிக்குப் பிறகு உடம்பு கெட்டது என்று நீங்கள் சொன்னால்தான் எங்களுக்கு இந்த யோசனையே வரும்.

இங்கே ஒரு வேண்டுகோள், கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பழைய சீட்டில் மிச்சமிருந்த கார்ட்டிசோன் மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள். "போன தடவை அரிப்புக்குக் கொடுத்தீங்க, பசி நல்லா எடுத்துச்சு" என்பார்கள். உண்மைதான், பசி எடுக்கும், நாய் இரண்டு நாள் தெளிவாகவும் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு கார்ட்டிசால் டெஸ்டுக்கு அர்த்தமில்லை. குடலில் லிம்ஃபோமா என்ற புற்று இருந்தால் அது தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்ஸியில் தெரியாமல் போகலாம். பின்னால் கொடுக்கும் புற்று மருந்துக்கும் சரியாகக் கட்டுப்படாமல் போகலாம். மனிதர்களுக்கான வலி மாத்திரைகள், முக்கியமாக ஐபுப்ரோஃபென், வேண்டவே வேண்டாம். அது நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான், சாதாரணப் பேதிக்கு அது தேவைப்படுவது அபூர்வம். நல்ல கிருமியையும் சேர்த்துக் குலைத்துவிடும்.

கைவைத்தியத்தைப் பற்றி ஆயாக்களோடு எனக்கு வாக்குவாதம் ஓயாது. விளக்கெண்ணெய் கொடுத்தால் வயிறு சுத்தமாகும் என்பார்கள். பிராய் (வெளியே நெருப்பில் இறைச்சி சுட்டுச் சாப்பிடும் விருந்து) முடிந்த மறுநாள் மீலி சோளத்தின் தக்கையை விழுங்கிய நாய்கள் இங்கே நிறைய வரும். அந்தத் தக்கை இரைப்பையில் சில வாரம்கூடக் கிடந்து விட்டு விட்டு வாந்தி தரும், எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. திடீரென்று குடலில் போய் அடைக்கும். அடைப்பு இருக்கும் குடலில் பேதி மருந்து போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என்னதான் கொடுப்பது? தோல் நீக்கிய கோழியை மசாலா, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேக வைத்து, குழைந்த வெள்ளைச் சோற்றோடு பிசைந்து, சின்னச் சின்னப் பங்காக நாளைக்கு நான்கு வேளை. ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுவது பழைய முறை, இப்போது அதைச் சொல்வதில்லை. குட்டிகளுக்கு ஆபத்தும்கூட. இது சில நாட்களுக்கான சாப்பாடுதான், மாதக்கணக்கில் போட்டால் சத்துக்குறைவு வரும். மிஞ்சிய பிரியாணி, ஆட்டுக் கொழுப்பு, கறிக்குழம்பு எதுவும் கூடாது. கொழுப்பு அதிகமானால் கணையம் வீங்கும், வெங்காயம் சிவப்பணுவை உடைக்கும். பாயசத்து திராட்சையும், இந்தக் கடலோரத்தில் ஏராளமாக விளையும் மெக்கடாமியாக் கொட்டையும் நாய்க்கு விஷம்.

டாக்டர் சாப்பாட்டுப் பரிசோதனை, அதாவது அவர் சொல்லும் ஒரே வகைச் சாப்பாட்டை மட்டும் கொடுத்துப் பார்ப்பது, சொல்லியிருந்தால் கோழிச் சோற்றையும் நிறுத்திவிட்டு அதை மட்டும் கொடுங்கள். நாள்பட்ட குடல் கோளாறில் கணிசமான நாய்கள் சாப்பாடு மாற்றத்திலேயே, அதுவும் முதல் இரண்டு வாரத்துக்குள், தேறிவிடுகின்றன. மருந்தே வேண்டியிருக்காது. ஆனால் வேறு எதுவும் வாயில் படக்கூடாது. இந்தப் பரிசோதனை பெரும்பாலும் தோற்பது தாத்தாவால்தான். சாயங்காலம் டீயில் மாரி பிஸ்கட்டை நனைத்துத் தானும் சாப்பிட்டு, மேஜைக்குக் கீழே அதற்கும் ஒன்று போடுவார். கேட்டால் "ஒண்ணுதானே!" என்பார். அவரிடம் சண்டை போடுவதைவிட, பரிசோதனைச் சாப்பாட்டிலேயே ஒரு கைப்பிடியை டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுங்கள். இரண்டு பேருக்கும் மனக்குறை இருக்காது. கறி வாசனை சேர்த்த பூச்சி மாத்திரைகளும் கணக்கில் வரும், அவற்றை எப்போது கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். மலம் எத்தனை முறை, எப்படி இருந்தது, வாந்தி சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வந்தது, என்ன சாப்பிட்டது. வாரம் ஒரு முறை எடை. பெரிய நாய் என்றால் கிளினிக் தராசில் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மலத்தை போனில் படம் எடுக்கக் கூச்சப்படாதீர்கள், எங்கள் போனில் அதைவிட மோசமான படங்கள் இருக்கின்றன. தார் மாதிரி கறுப்பு என்றால் மேல் குடலில் ரத்தம், புது ரத்தம் என்றால் கீழ்க்குடல். வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு குவியல் குவியலாகப் போனால் கணைய நொதி போதவில்லையோ என்று பார்ப்போம். அல்சேஷன் நாய்களில் இது அதிகம்.

எதற்கு ராத்திரியோ ஞாயிற்றுக்கிழமையோ பார்க்காமல் ஓட வேண்டும்? வயிறு உப்பி, குமட்டிக் குமட்டி ஒன்றும் வெளியே வராவிட்டால் உடனே. இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், பெரிய நாய்களில் சில மணி நேரத்தில் உயிர் போகும். தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, ஈறு வெளுப்பு, எழ முடியாத தளர்ச்சி, எல்லாமே அவசரம்தான். அப்புறம் விஷம். வீடு புகுந்து திருடுகிறவர்கள் காவல் நாய்க்குப் போடும் டூ ஸ்டெப் என்ற கறுப்புக் குருணையை இங்கே தெரியாதவர் இல்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே எச்சில் ஒழுகும், வாந்தி பேதி, உடம்பு நடுக்கம் வரும். பால் ஊற்றுவது, உப்பைத் திணிப்பது என்று நேரத்தை வீணாக்காமல் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வாருங்கள், வரும் வழியிலேயே போன் செய்யுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, நேரம்தான் இருக்காது.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். எல்லா டெஸ்டையும் ஒரே நாளில் செய்ய எல்லோராலும் முடியாது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, எதை முதலில் செய்யலாம்?" என்று கேட்டால் எந்த நல்ல டாக்டரும் வரிசை போட்டுத் தருவார். கேட்காமல் வராமலேயே இருந்துவிடுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நிபுணரிடமோ, பிரிட்டோரியா பக்கம் ஒன்டர்ஸ்டெபோர்ட்டில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்பினால், எக்ஸ்ரே, ரத்த ரிசல்ட் எல்லாவற்றையும் ஈமெயிலில் முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதே டெஸ்டுக்கு இரண்டாம் முறை பணம் கட்ட நேரிடும். கொடுத்த மருந்துகளின் பட்டியல், கைவைத்தியமும் சேர்த்து, ஒளிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். எண்டோஸ்கோப்பிக்கு எத்தனை மணி நேரம் முன்னால் சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்று போனில் கேட்டு, அதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். தாத்தாவுக்கு இரண்டு முறை.