ஏறவில்லையா, ஏற்றவில்லையா?

களியக்காவிளைப் பக்கம் பைக் ஒர்க்ஷாப்பில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நின்றால் முதல் கேள்வி இதுதான்: "சார்ஜ் கேறல்லியா அண்ணே?" ஏறுவதைக் கேறுவது என்பது எங்கள் குமரி வழக்கு. எல்லை தாண்டி மலையாளத்துக்குப் போனாலும் அதே கேறல்தான். 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சொல் மட்டும் இரண்டு பக்கமும் நின்றுவிட்டது.

புது பேட்டரியோடு வந்த தாளில் "கட்டணம் ஆகவில்லை என்றால்" என்று அச்சடித்திருந்தார்கள். சார்ஜை மெஷின் மொழிபெயர்த்த லட்சணம் அது, சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது "மின்னூட்டம்". டியூஷன் எடுக்கும் என் நண்பர், நான் சார்ஜ் என்று வாய் திறந்தாலே "மின்னூட்டம்னு சொல்லுங்க" என்பார்.

சார்ஜின் பூர்வீகம் சின்னது. லத்தீனில் கர்ருஸ் என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த வினை பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போய் சார்ஜ் ஆனது. பாரம் பிறகு பணச்சுமையும் ஆனதால்தான் அந்தக் "கட்டணம்".

ஆக, மூலத்திலேயே ஏற்றுதல் இருக்கிறது. ஊட்டுதல் எங்கே வந்தது? நம் பாடநூலில் மின்னூட்டம் என்பது பொருளின் பண்பு, கூலூம் என்ற அலகில் அளப்பது. பேட்டரிக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஒரு முனையில் எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவும் மறுமுனையில் வெளியேறுகிறது. மொத்த மின்னூட்டம் கூடுவதில்லை. ஈயத் தகட்டில் நடக்கும் வேதிவினையாகத்தான் ஆற்றல் சேர்கிறது. இலங்கையில் அந்தப் பண்பையே மின்னேற்றம் என்கிறார்களே என்று நண்பர் மடக்கினார். சரி, அது நியாயமான அடி. ஆனாலும் ஊட்டு என்றால் ஊட்டுகிறவர் மட்டுமே தெரிகிறார். வாங்கிக்கொள்கிறவருக்கு என்ன வினை? பேட்டரி மின்சாரம் உண்ணவில்லை என்பதா?

ஏறு, ஏற்று இரண்டும் இருப்பதுதான் நம் வசதி. வோல்ட் பார்க்கும் மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வையுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வந்தும் காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா? வண்டி ஏற்றுகிறது, பேட்டரியில் ஏறவில்லை. முறுக்கியும் 12-லேயே கிடக்கிறதா? வண்டி ஏற்றவில்லை, பேட்டரியை மாற்றுவது தண்டச்செலவு. அந்தச் செலவைத்தான் நான் முதலிலேயே செய்திருந்தேன். பெயர்ச்சொல் வேண்டுமென்றால் மின்னேற்றம், கருவிக்கு மின்னேற்றி. பேச்சுக்குச் சார்ஜ் போதும், அதை விரட்ட வேண்டாம். கலைச்சொல் செய்கிறவர்கள் அகராதியைப் புரட்டும் நேரத்தில் பாதியை ஒர்க்ஷாப் பெஞ்சில் உட்கார்ந்து கழித்தால் தேவலை.

என் வண்டி ஏற்றாத ரகம். முறுக்கியும் 12.2. வண்டி ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் மேக்னட் காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாக ஏசி வோல்ட்டில் பார்த்தேன்; மூன்று தடவையும் ஒரே அளவு, முறுக்க முறுக்கக் கூடியது. எந்த ஒயரும் பாடியோடு சேரவில்லை. காயில் நல்லது. அப்புறம், அந்த ஏசியைப் பேட்டரிக்கு வேண்டிய டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரின் ஒயர் கப்ளரைக் கழற்றினால், மழைத்தண்ணீர் இறங்கி பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து மாட்டியதும் 14.1.

சந்தோஷத்தில் நண்பருக்குப் போன் போட்டேன். "மின்னூட்டம் சரியாயிடுச்சா?" என்றார்.