ஊருக்கு ஒரு வழி, நுரையீரலுக்குத் தனி வழி

மூன்று மாடி ஏறினால் தொடை கடுக்கிறது. அங்கே ஆக்சிஜன் குறைந்ததும் அந்தத் தசையின் நுண்தமனிகள் விரிந்து, கூடுதல் இரத்தத்தை வரவழைத்துக்கொள்கின்றன. மூளைக்கும் இதயத்துக்கும் இதே கணக்குத்தான்: பற்றாக்குறை உள்ள இடத்துக்கு இரத்தம் பாயும்.

நுரையீரல் மட்டும் நேர்மாறு. ஆக்சிஜன் குறைந்த பகுதியின் தமனிகள் அங்கே சுருங்கிவிடும். சுவீடனைச் சேர்ந்த வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் 1946இல் பூனைகளிடம் இதை அளந்து காட்டினார்கள்.

தொடை ஆக்சிஜனைச் செலவழிக்கும் இடம்; நுரையீரல் அதை ஏற்றிக்கொள்ளும் இடம். நிமோனியாவில் நுரையீரலின் அடிப்பகுதி சளி கட்டிக் கிடந்தால், அங்கே போகும் இரத்தம் வெறுங்கையோடுதான் திரும்பும். விளையாத வயலின் மடையை அடைத்து, விளையும் வயலுக்குத் தண்ணீரைத் திருப்புவதுபோல, அந்தத் தமனிகள் இறுகி இரத்தத்தை நல்ல பகுதிக்குத் தள்ளுகின்றன. இதற்கு மூளையின் உத்தரவு வேண்டியதில்லை. தமனிச் சுவரின் தசைச் செல்களே ஆக்சிஜன் குறைவை உணர்ந்து, கால்சியத்தை உள்ளே விட்டுச் சுருங்குகின்றன. உடலிலிருந்து பிரித்தெடுத்த நுரையீரலிலும் இது நடக்கும்.

இதில் என்னை நெகிழவைக்கும் இடம் பிரசவ அறை. கருவின் நுரையீரலில் காற்றில்லை, திரவம்தான். தமனிகள் இறுகியே கிடக்கும். பெரும்பகுதி இரத்தம் குறுக்குவழியில் போய்விடும். குழந்தை வீறிட்டு அழுது காற்று உள்ளே புகுந்ததும் இறுக்கம் தளர்கிறது. நீலம் பாரித்த உடம்பு சில நிமிடங்களில் நெஞ்சிலிருந்து சிவந்து வரும்; கைகளிலும் பாதங்களிலும் மட்டும் நீலம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

மலைமேல் இந்த ஏற்பாடே ஆபத்தாகிறது. லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நுரையீரல் முழுவதும் ஆக்சிஜன் குறைவதால் எல்லா மடைகளும் சேர்ந்து இறுகுகின்றன; இரத்தத்தைத் திருப்பிவிட நல்ல வயல் கிடையாது. நுரையீரல் தமனிகளில் இரத்த அழுத்தம் ஏறுகிறது. இறுக்கம் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. இறுகாத பகுதியின் நுண்குழாய்கள் அழுத்தம் தாங்காமல் கசிய, காற்றறைகளில் நீர் கோக்கிறது. 1962 சீனப் போரில் சமவெளியிலிருந்து திடீரென மேலே அனுப்பப்பட்ட இந்திய வீரர்கள் பலர் இப்படித்தான் மூச்சுத் திணறினார்கள். திடகாத்திரமான இளைஞர்கள் அவர்கள்.

லேயில் விமானத்திலிருந்து இறங்குபவர்களை முதல் இரண்டு நாள் அலையாமல் இருக்கச் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் கொடுத்து, உடனே கீழே இறக்க வேண்டும்.

அதே மலையில் மேயும் யாக் எருதுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் நுரையீரல் தமனிகளின் சுவர் மெல்லியது. ஆக்சிஜன் குறைந்தாலும் அவ்வளவாகச் சுருங்காது.