ஹமார்த்தியா: சூப்பர்ஹீரோவின் பிழையும் வேதாகமத்தின் பாவமும்

ஹோமரின் இலியட் காவியத்தில் ஒரு வீரன் ஈட்டியை ஓங்கி எறிகிறான். அது எதிரியின் மேல் படாமல் விலகிப் போகிறது. அந்த விலகலைச் சொல்லக் கிரேக்கத்தில் இருந்த வினைச்சொல் ஹமார்த்தானோ. குறி தவறுவது என்று பொருள். நல்லவன், கெட்டவன் என்ற தீர்ப்பு எதுவும் அதில் இல்லை. கை எறிந்தது, குறியில் படவில்லை, அவ்வளவுதான். அந்த வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ஹமார்த்தியா.

பிற்பாடு இந்தச் சொல் நாடகத்துக்குள்ளும் போனது, வேதாகமத்துக்குள்ளும் போனது. நாடகம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இது நாயகனை வீழ்த்திய தவறு. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் படிக்கிறவர்களுக்கு இதுவே 'பாவம்'. சறுக்கி விழும் சூப்பர்ஹீரோக்களைப் பற்றிய ஒரு கிராபிக் நாவலை ஒரு கிறிஸ்தவர் கையில் எடுத்தால், இரண்டு பொருளும் சேர்ந்தே முன்னால் வந்து நிற்கும். தமிழில் அதைப் பற்றி எழுதும்போது குறை, பலவீனம், பாவம் என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். மூன்றும் ஒன்றல்ல. எனக்கு இங்கே சரியாகப் பொருந்துவது 'பிழை' என்றே படுகிறது.

முதலில் நாடகத்தின் பக்கம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தன் கவிதையியலின் 13ஆம் அத்தியாயத்தில் ஒரு கேள்வி கேட்கிறார்: யார் வீழ்ந்தால் பார்க்கிறவன் மனம் இளகும்? முழுக்க நல்லவன் வீழ்ந்தால் நமக்குக் கோபமும் கசப்பும்தான் வரும். முழுக்கக் கெட்டவன் வீழ்ந்தால் இரக்கமே வராது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவன், தீய குணத்தால் அல்லாமல் ஒரு ஹமார்த்தியாவால் வீழ வேண்டும் என்கிறார். கிரேக்க நாடக நாயகன் ஈடிபஸை உதாரணமாகச் சொல்கிறார். வழியில் தான் கொன்ற மனிதன் தன் தந்தை என்று ஈடிபஸுக்குத் தெரியாது.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள ஈடிபஸ் வரை போக வேண்டியதில்லை, பாண்டியன் நெடுஞ்செழியன் போதும். அவன் கொடுங்கோலன் அல்ல. பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமல் நம்பினான், கோவலன் உயிர் போனது. உண்மை தெரிந்த கணத்தில் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி அரியணையிலேயே விழுந்து இறந்தான். சிலப்பதிகாரப் பதிகம் அவனைப் போன்றவர்களை எந்தச் சொல்லால் குறிக்கிறது என்று பாருங்கள்: 'அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்'. பிழைத்தோர்.

வேதாகமத்தின் பக்கம் கதை கொஞ்சம் வேறு. எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்க்கும் வேலை கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. எபிரெயத்தில் பாவம் செய்வதைக் குறிக்கும் ஹாட்டா என்ற வினைக்கு இணையாக மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது ஹமார்த்தானோவை. ஏனென்றால் எபிரெயச் சொல்லுக்குள்ளும் குறி தவறுவது என்ற பொருள் இருந்தது. நியாயாதிபதிகள் 20:16இல் இடதுகைப் பழக்கமுள்ள 700 கவண்காரர்கள் வருகிறார்கள். ஒரு மயிரிழைகூடத் தப்பாமல் கல்லெறிவார்களாம். அங்கே 'தப்பாமல்' என்பதற்கு மூலத்தில் இருப்பது, மற்ற இடங்களில் 'பாவஞ்செய்தான்' என்று பெயர்க்கப்படும் அதே வினைதான். அந்த வசனத்தை முதல்முறை இப்படிப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதிய ஏற்பாட்டில் ஹமார்த்தியா 170 தடவைக்கு மேல் வருகிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அதற்கு இன்னும் கனம் ஏற்றிவிடுகிறார். அங்கே அது ஒரு தவறிய எறி மட்டுமில்லை, மனிதனுக்குள் குடியிருந்து அவனை ஆளும் ஒரு சக்தி. 'நான் விரும்புகிறதைச் செய்யாமல், நான் வெறுக்கிறதையே செய்கிறேன்' என்று ரோமர் 7:15இல் அவரே கதறுகிறார். அரிஸ்டாட்டிலின் நாயகனுக்கு உண்மை தெரியாது. பவுலுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் முடியவில்லை. ஒரே சொல்லுக்குள் இவ்வளவு தூரம்.

சரி, இப்போது சூப்பர்ஹீரோக்கள். சூப்பர்மேனுக்குக் கிரிப்டோனைட் ஆகாது. அதை அவனுடைய ஹமார்த்தியா என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது தவறு. கிரிப்டோனைட் வெளியிலிருந்து வரும் ஒரு கல், அவன் உடம்பு அதைத் தாங்காது. அது பலவீனம். வேதாகமத்துப் பலசாலி சிம்சோனின் தலைமயிரும் அப்படித்தான். மயிரைச் சிரைத்தால் பலம் போகும் என்பது பலவீனம். காதலி தெலீலாள் ஒவ்வொரு முறையும் தன்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தாள் என்று தெரிந்தும் அவள் மடியிலேயே போய்த் தூங்கியதுதான் பிழை.

டேர்டெவிலைப் பாருங்கள். அந்த முகமூடிக்குள் இருக்கும் வழக்கறிஞன் மேட் மர்டாக்குக்குக் கண் தெரியாது. அது குறை. குறை என்றால் ஒன்று இல்லாதது. அதற்கு அவன் பொறுப்பாளி இல்லை. பகலில் நீதிமன்றத்தில் சட்டத்தை நம்பி வாதாடிவிட்டு, இரவில் முகமூடி போட்டுக்கொண்டு கைமுட்டியால் தீர்ப்பு எழுதுகிறானே, அங்கேதான் ஹமார்த்தியா இருக்கிறது. அவன் கத்தோலிக்கன், அதனால் அது அவனுக்கே உறுத்துகிறது. ஃபிராங்க் மில்லர் எழுதி டேவிட் மசுக்கெல்லி வரைந்த 1986ஆம் ஆண்டுக் கதைத்தொடருக்குப் பெயரே 'மறுபடியும் பிறந்தவன்' என்ற பொருளில்தான். யோவான் 3ஆம் அதிகாரத்தில் இயேசு நிக்கொதேமுவிடம் பேசும் பேச்சு அது. அந்தக் கதையில் மேட்டின் முன்னாள் காதலி கேரன், போதைமருந்துக்காக அவன் ரகசியப் பெயரை விற்றுவிடுகிறாள். வேலை, வீடு, பெயர் எல்லாம் போய்ச் சாகக் கிடந்தவனை மேகி என்ற கன்னியாஸ்திரி பராமரிக்கிறார். தேறி எழுந்ததும் அவன் கேரனைத் தேடிப் போய் அணைத்துக்கொள்கிறான். கணக்குத் தீர்க்கும் காட்சி வரும் என்று எதிர்பார்த்துப் படித்தவன் நான். அந்தப் பக்கம் என்னை அப்படியே நிறுத்திவிட்டது.

ஸ்பைடர்மேன் 1962 ஆகஸ்டில் முதன்முதலாக வந்த கதையே ஒரு பிழையின் மேல்தான் நிற்கிறது. ஓடிவரும் திருடனைப் பீட்டர் பார்க்கர் ஒரு கையால் நிறுத்தியிருக்கலாம். இது என் வேலை இல்லை என்று விட்டுவிடுகிறான். அதே திருடன்தான் பின்னால் அவன் பென் பெரியப்பாவைக் கொல்கிறான். பீட்டர் எதுவும் செய்யவில்லை, அதுதான் அவன் செய்தது. 'ஒருவன் நன்மைசெய்ய அறிந்தவனாயிருந்தும், அதைச் செய்யாமற்போனால், அது அவனுக்குப் பாவமாயிருக்கும்' என்கிறது யாக்கோபு 4:17. தமிழ்த் திருப்பலியில் பாவ அறிக்கை சொல்லும்போதும் சிந்தனை, சொல், செயல் என்பதோடு 'கடமையில் தவறியதாலும்' என்று ஒன்றைச் சேர்க்கிறோம்.

'வாட்ச்மென்' வேறு மாதிரி. 1986-87இல் ஆலன் மூரும் டேவ் கிப்பன்சும் 12 இதழ்களாகச் செய்த காமிக்ஸ். அதில் ஓசிமாண்டியஸ் என்ற முன்னாள் சூப்பர்ஹீரோ அணுயுத்தத்தைத் தடுப்பதற்காக நியூயார்க்கில் லட்சக்கணக்கானோரைக் கொல்கிறான். தன் ஈட்டி குறியில் பட்டுவிட்டது என்று நம்புகிறான். 'நன்மை வரும்படிக்குத் தீமைசெய்வோமாக' என்ற வாதத்தை ரோமர் 3:8இல் பவுல் கடுமையாகத் தள்ளுகிறார். அந்த வாதத்தின் முழு உருவம் இந்த மனிதன். ஹமார்த்தியாவின் மிகக் கொடிய வடிவம் இதுதான் என்பேன்: குறி தவறியதே எறிந்தவனுக்குத் தெரியாமல் போவது.

இவை எல்லாவற்றையும்விட என் மனதுக்கு நெருக்கமானது 1996இல் மார்க் வெய்ட் எழுதி அலெக்ஸ் ராஸ் தீட்டிய 'கிங்டம் கம்'. கர்த்தருடைய ஜெபத்தில் வரும் 'உம்முடைய ராஜ்யம் வருவதாக' என்ற வரியிலிருந்து எடுத்த பெயர். கதை சொல்பவர் நார்மன் மெக்கே என்ற வயதான போதகர். ராஸ் அவர் முகத்தைத் தன் தந்தையைப் பார்த்து வரைந்தார். அந்தத் தந்தை நிஜமாகவே ஒரு போதகர். உலக முடிவைப் பேசும் வெளிப்படுத்தின விசேஷத்தின் காட்சிகள் நார்மனை விடாமல் துரத்துகின்றன. ஸ்பெக்டர் என்ற தேவகோப உருவம் அவரைக் கூட்டிக்கொண்டு போய், நடப்பதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வைக்கிறது.

இந்தக் கதையில் சூப்பர்மேன் செய்த பிழை, விலகிப் போனது. உலகம் ஒரு கொலைகாரனைக் கைதட்டி வரவேற்றதும் மனம் வெறுத்து 10 வருடம் ஒதுங்கிவிடுகிறான். அந்த இடைவெளியில் வளர்ந்த புதிய தலைமுறை வீரர்கள் கான்சாஸையே அழித்துவிடுகிறார்கள். திரும்பி வந்தவன் எல்லோரையும் சிறையில் அடைத்துத் திருத்தப் பார்க்கிறான். அதுவும் குறி தவறுகிறது. கடைசியில் அணுகுண்டு விழுந்து அவன் தோழர்கள் பலர் சாம்பலாகிறார்கள். வெறியோடு ஐ.நா. கட்டடத்தின் மேல் அவன் பாயும்போது எதிரே வந்து நிற்பது இன்னொரு சூப்பர்ஹீரோ அல்ல, கிழவர் நார்மன். அவர் கையில் எந்தச் சக்தியும் இல்லை. அவனுடைய கோபம் முதலில் அவன் மேலேயே என்று எடுத்துச் சொல்லி, தன்னை மன்னித்துக்கொள்ளச் சொல்கிறார். போதகர் ஒருவர் காமிக்ஸில் இவ்வளவு மரியாதையோடு வரையப்பட்டு நான் பார்த்ததில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வானத்திலிருந்து தகப்பன் அனுப்பிய பிள்ளை என்பதால் சூப்பர்மேனை இயேசுவோடு ஒப்பிட்டுப் பிரசங்கம் செய்வது எளிது. ஆனால் எபிரெயர் 4:15 இயேசுவைப் பாவமில்லாதவர் என்கிறது. மூலத்தில் ஹமார்த்தியா இல்லாதவர். பிழைத்த நாயகர்களை அவருக்கு இணையாக வைத்தால் இரண்டு பக்கமும் கெடுகிறது. அவர்களுக்கு உரிய இடம் எபிரெயர் 11:32. கிதியோன், பாராக், சிம்சோன், யெப்தா, தாவீது என்று ஒரு பட்டியல் அங்கே இருக்கிறது. கிதியோன் செய்த ஏபோத்து என்ற ஆசாரிய உடை இஸ்ரவேலுக்குக் கண்ணியானது. யெப்தா யோசிக்காமல் பொருத்தனை பண்ணித் தன் மகளை இழந்தான். தாவீதைச் சொல்லவே வேண்டாம். அப்படியும் விசுவாச வீரர்கள் வரிசையில் அவர்கள் பெயர் அழியாமல் நிற்கிறது.

இனித் தமிழ்ச் சொல். 'பாவம்' வடமொழியின் பாபம் என்பதிலிருந்து வந்தது. வேதாகமத்தில் அதுவே வேரூன்றிவிட்டது, அங்கே அதை மாற்றத் தேவையில்லை. அதோடு நம் பேச்சுவழக்கு அந்தச் சொல்லுக்கு ஒரு அழகைத் தந்திருக்கிறது. விழுந்தவனைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்கிறோம். குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே சொல். அரிஸ்டாட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க விளக்கிய உறவு நம் தெருப் பேச்சில் கிடக்கிறது.

ஆனால் கதாபாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது 'பாவம்' கனமாகிவிடுகிறது, எறிந்த கையும் தவறிய குறியும் அதில் தெரிவதில்லை. அதற்குப் பிழை. திருக்குறள் 772ஐ எடுத்துக்கொள்ளுங்கள்:

கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது.

காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட, யானைக்கு எறிந்து தவறிய வேலைப் பிடித்திருப்பது இனிது. 'பிழைத்த வேல்' என்றால் குறி தவறிய வேல். ஹோமரின் களத்தில் விலகிப் போன ஈட்டியும் இதுவும் ஒன்றுதான். இப்படி ஆயுதம் முதற்கொண்டு ஒத்துப்போகும் இணைச்சொல் வேறு எந்த மொழியில் கிடைக்கும் என்று வியந்துபோனேன். அதனால் நாயகனின் ஹமார்த்தியாவைப் 'பிழை' என்றும், அந்த நாயகனைப் 'பிழைத்த நாயகன்' என்றும் எழுதலாம். 'குறையுள்ள நாயகன்' என்பதைக் கண் தெரியாதவனுக்கும் கால் நடக்காதவனுக்கும் ஒட்டவைக்காமல் விட்டுவிடலாம்.

'பிழைத்த நாயகன்' என்றால் உயிர்தப்பியவன் என்று வாசகர் எடுத்துக்கொள்வாரே என்று ஒரு நண்பர் கேட்டார். எடுத்துக்கொள்ளட்டும். சாகக் கிடந்து எழுந்த மேட் மர்டாக்கும், நார்மன் முன்னால் கோபம் தணிந்து நின்ற சூப்பர்மேனும் இரண்டு பொருளிலும் பிழைத்தவர்கள்தானே.