கேரவன் மூவர் (mover) இழுக்கவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிதான் கேரவன். 1,500 கிலோ எடையுள்ள கேரவனை, காரிலிருந்து கழற்றிய பிறகு குறுகலான வீட்டு முற்றத்தில் கையால் தள்ளி நிறுத்துவது எளிதான வேலை அல்ல. தரையில் லேசான ஏற்றம் இருந்தால் இரண்டு பேர் சேர்ந்தாலும் முடியாது. அதனால்தான் பிரிட்டனில் கேரவன் வாங்குகிறவர்களில் பலர், வண்டியை மெதுவாக நகர்த்தும் கருவியான மோட்டார் மூவரையும் சேர்த்தே மாட்டிக்கொள்கிறார்கள். அமைப்பு எளிமையானது. சேஸியின் இரு பக்கமும் சக்கரத்தை ஒட்டி ஒரு 12 வோல்ட் மோட்டார் வீதம் இருக்கும். அதன் முனையில் உள்ள ரோலர் டயரின் மேல் அழுந்தி சக்கரத்தைச் சுழற்றும். மின்சாரம் வண்டியின் லீஷர் பேட்டரியிலிருந்து (கேரவனுக்குள் விளக்கு, பம்பு போன்றவற்றை ஓட்டும் பேட்டரி) வருகிறது, கட்டுப்பாடு கையிலிருக்கும் ரிமோட்டில். நிமிடத்துக்குச் சுமார் 10 மீட்டர் நகரும். அந்த மெதுவான வேகம் குறை அல்ல, பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

சர்வீசுக்கு வரும் புகார்களில் முதலிடம், “மோட்டார் வலுவிழந்துவிட்டது, பாதி வழியில் நின்றுவிடுகிறது” என்பதற்கு. மோட்டார் உண்மையிலேயே கெட்டிருப்பது அவற்றில் குறைவு. பெரும்பாலும் பேட்டரியோ, அதன் முனையோ, டயரோ, பிடித்துக்கொண்ட பிரேக்கோதான் காரணமாக இருக்கும். மோட்டாருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, பிறகு பேட்டரியை மாற்றியதும் பழைய மோட்டாரே ஓடுவதைப் பார்க்கும் உரிமையாளர்கள் நிறைய.

பேட்டரியிலிருந்து தொடங்குவோம். சமதளத்தில் மூவர் 30 முதல் 40 ஆம்ப் வரை இழுக்கும். சரிவிலோ ஒரு விளிம்பில் சக்கரம் முட்டி நிற்கும்போதோ 100 ஆம்ப்பைத் தாண்டும். 40 ஆம்ப்பில் 10 நிமிடம் ஓட்டினாலும் செலவு 7 ஆம்ப்-மணிக்குக் குறைவுதான். 110 ஆம்ப்-மணி பேட்டரிக்கு அது பெரிய சுமை இல்லை. ஆகவே எவ்வளவு மின்சாரம் சேமித்து வைக்கிறது என்பதைவிட, ஒரே நேரத்தில் எவ்வளவு ஆம்ப் கொடுக்க முடியும் என்பதுதான் இங்கே முக்கியம். வயதான பேட்டரி விளக்கையும் தண்ணீர்ப் பம்பையும் ஒழுங்காக ஓட்டும், மூவரைப் போட்டதும் படுத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சார்ஜரைக் கழற்றி சில மணி நேரம் கழித்து அளந்தால், நல்ல லெட்-ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இதோடு பலரும் சோதனையை முடித்துக்கொள்கிறார்கள், அது போதாது. ஒருவர் மூவரை ஓட்ட, இன்னொருவர் பேட்டரி முனையில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 காட்டிய பேட்டரி ஓட்டத்தின்போது 10.5-க்குக் கீழே விழுந்தால் அதன் கதை முடிந்தது. பல மூவர்களின் கட்டுப்பாட்டுப் பெட்டி 10 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் தானே ஓட்டத்தை நிறுத்திவிடும். “பாதி வழியில் நிற்கிறது” என்பது பெரும்பாலும் இதுதான்.

பேட்டரி முனையில் வோல்ட் நன்றாக இருந்து, கட்டுப்பாட்டுப் பெட்டியின் உள்முனையில் மட்டும் குறைந்தால் தவறு நடுவில்: கேபிள், ஃபியூஸ் இருக்கை, ஐசொலேட்டர் சுவிட்ச் (பேட்டரியிலிருந்து மூவரைத் துண்டிக்கும் சுவிட்ச்), அல்லது தளர்ந்த முனைக் கிளாம்ப். துருப்பிடித்த ஓர் இணைப்பில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால்கூட, 100 ஆம்ப் போகும்போது அங்கேயே ஒரு வோல்ட் போய்விடும், 100 வாட் வெப்பமும் கிளம்பும். ஓட்டிய உடனே முனைகளின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் சூடு காட்டிக்கொடுக்கும். கேபிளின் தடிப்பும் அப்படித்தான். போகவும் வரவும் சேர்த்து 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 100 ஆம்ப்புக்கு அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே இழப்பு. மிச்சம் பிடிப்பதற்காக 6 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் போட்டிருந்தால் 1.2 வோல்ட் போய்விடும். புதிதாகப் பேட்டரிப் பெட்டியை இடம் மாற்றிக் கேபிளை நீட்டியவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

புதுப் பேட்டரி வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி உண்டு. பிரிட்டனின் தேசிய கேரவன் கவுன்சில் சரிபார்த்த லீஷர் பேட்டரிகளை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. மின் இணைப்புள்ள கேரவன் திடல்களில் தங்குபவர், ஆனால் மூவர் போன்ற கருவிகளை ஓட்டுபவர் என்றால் அவருக்கு பி வகை. லித்தியத்துக்கு மாறுகிறவர்கள் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று தொடர்ந்து எத்தனை ஆம்ப் விடும் என்று கேட்டு வாங்க வேண்டும். 100 ஆம்ப்போடு நிறுத்திக்கொள்ளும் பேட்டரி சமதளத்தில் அழகாக ஓடி, சரிவில் சட்டென்று அணைந்துவிடும். வெளி மின் இணைப்பில் இயங்கும் மெயின்ஸ் சார்ஜரை மட்டும் நம்பி மூவரை ஓட்டவும் முடியாது. கேரவன் சார்ஜர்கள் பொதுவாக 15 முதல் 25 ஆம்ப் வரைதான் கொடுக்கும்.

பேட்டரிக் கோளாறு வண்டியை நிறுத்துவதோடு முடிகிறது. ஆளையே நசுக்கக்கூடிய தவறு, ஹேண்ட்பிரேக்கை எப்போது போட்டு எப்போது இறக்குகிறோம் என்ற வரிசையில் இருக்கிறது. ரோலர் டயரில் அழுந்தியிருக்கும்போது வண்டி ஓரளவு நிற்கும், அதைப் பார்த்துப் பழகியவர்கள் மூவரையே பிரேக்காக நினைத்துவிடுகிறார்கள். சரிவான முற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கைப் போடாமல் ரோலரை விலக்கினால், அந்த நொடியில் ஒன்றரை டன் எடையைப் பிடிக்க எதுவும் இல்லை. சரிவின் கீழே கார் இருக்கலாம், சுவர் இருக்கலாம், குழந்தை இருக்கலாம்.

வரிசை இப்படி இருக்க வேண்டும். காரிலிருந்து கழற்றும் முன்பே ஹேண்ட்பிரேக், அதன் பின் காரோடு மின் இணைப்பு தரும் 13 பின் பிளக்கை உருவுதல், பிறகு ஹிட்ச் எனும் இழுவை இணைப்பைக் கழற்றுதல். வண்டி ஆடாமல் நிற்க இறக்கும் மூலைக் கால்கள் நான்கும் மேலே ஏறியிருக்கின்றனவா என்று சுற்றி வந்து பார்த்துவிட்டு ஐசொலேட்டரைப் போட்டு ரோலர்களை அழுத்தவும். இரண்டு பக்கமும் அழுந்தியதைக் கண்ணால் பார்த்த பிறகே ஹேண்ட்பிரேக்கை இறக்கவும். வேலை முடிந்ததும் தலைகீழ்: முதலில் ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, பிறகு ரோலரை விலக்குதல், கடைசியில் ஐசொலேட்டர். வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது. ரிமோட் வைத்திருப்பவர் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கக் கூடாது. விசையிலிருந்து விரலை எடுத்தால் நின்றுவிடும் என்பது உண்மைதான், அந்தத் தைரியத்தில் பின்புறத்தைப் பார்க்காமல் ஓட்டுகிறவர்களும் உண்டு.

ஹேண்ட்பிரேக்கைப் போட்ட பின் வண்டி சற்றுப் பின்னால் உருண்டு நின்றிருந்தால், அதை இறக்கிய பிறகும் பிரேக் ஷூ பிடித்தபடியே இருக்கலாம். சில சென்டிமீட்டர் முன்னோக்கி நகர்த்தினால் விட்டுவிடும். குளிர்காலம் முழுக்க நின்ற வண்டியில் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்வதும் சாதாரணம். ஒரு பக்கம் மட்டும் மெதுவாக ஓடினாலோ வண்டி ஒருபுறமாகவே இழுத்தாலோ, மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ரோலரை விலக்கி, கையால் சுழற்றிப் பாருங்கள்.

அடுத்தது டயருக்கும் ரோலருக்கும் உள்ள இடைவெளி. விலக்கிய நிலையில் பல மாடல்களுக்கு 20 மில்லிமீட்டர் அளவு. உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. இதை வண்டி தரையில் தன் சக்கரத்தில் நிற்கும்போது, டயரில் சரியான காற்றோடு அளக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்து அளந்தால் சஸ்பென்ஷன் இறங்கி அளவு மாறிவிடும். இடைவெளி அதிகமானால் அழுத்தம் போதாமல் ரோலர் வழுக்கும், குறைந்தால் சாலையில் குலுங்கும்போது ரோலர் டயரைத் தொட்டுத் தேய்க்கும். கேரவன் டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகி மாற்றப்படுகின்றன. ஒரே அளவு எழுதியிருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் விட்டம் சில மில்லிமீட்டர் வேறுபடும். ஆகவே டயர் மாற்றிய நாளிலேயே இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும். டயர்க் கடைக்காரர் இதைச் செய்யமாட்டார், அது அவர் வேலையும் இல்லை. இரண்டு டயரிலும் காற்று ஒரே அளவு இல்லையென்றால் வண்டி நேராகப் போகாது.

ஈரப் புல்லில் ரோலரின் வரிகளுக்குள் சேறு அடைத்து வழவழப்பாகிவிடும். ஒரு கம்பித் தூரிகையை வண்டியில் வைத்துக்கொண்டால் போதும். கழுவுகிறேன் என்று மோட்டார் உறைமேல் அழுத்த நீரைப் பாய்ச்ச வேண்டாம். நகரும் பாகங்களில் கெட்டிக் கிரீஸைப் பூசினால் மணல் ஒட்டித் தேய்மானம்தான் கூடும்.

சரிவைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 1,500 கிலோ வண்டியைத் தார்த் தளத்தில் உருட்ட 20, 25 கிலோ விசை போதும். 15 சதவீதச் சரிவில் அதே வண்டிக்கு 220 கிலோவுக்கு மேல் வேண்டும், ஏறத்தாழ பத்து மடங்கு. விளம்பரத்தில் இருக்கும் எடையும் சரிவும் ஒன்றோடொன்று சேர்த்துப் படிக்க வேண்டியவை. இலகுவான வண்டியை 25 சதவீதத்தில் ஏற்றும் மூவரே, கனமான வண்டிக்கு 15 சதவீதத்தோடு நின்றுவிடும். முற்றமும் தெருவும் சேரும் இடத்தில் உள்ள 2, 3 சென்டிமீட்டர் விளிம்பு இன்னும் மோசம். அங்கே ஒரு மரச் சாய்வுப்பலகை வைத்து, அதில் ஏறும் முன்பே நகர்வைத் தொடங்கினால் மோட்டார் திணறாது. ஏற்றத்தை நோக்கி வண்டியின் மூக்கு இருந்தால் எடை பின்னால் சாய்ந்து முன்னால் தாங்கும் சிறு சக்கரமான ஜாக்கி வீல் தரையை விடப் பார்க்கும். பின்பக்க லாக்கரில் சாமான் நிரம்பியிருந்தால் வண்டி பின்னால் குந்தியே விடும்.

இரட்டை அச்சு வண்டியில் இரண்டு மோட்டார் மட்டும் மாட்டியவர்கள், ஒற்றை அச்சு வண்டி போல அது நின்ற இடத்திலேயே சுழலும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முன்னும் பின்னுமாக, வளைவு வளைவாகத்தான் திருப்ப வேண்டும். நான்கு மோட்டார் அமைப்பில் திருப்பலாம், டயரும் சேஸியும் முறுக்கப்படுகின்றன என்பதை மறக்காமல்.

எடையையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டு மோட்டார் மூவர் பொதுவாக 30 முதல் 40 கிலோ வரை இருக்கும், அது முழுவதும் வண்டியில் சாமான் ஏற்ற அனுமதித்த அளவிலிருந்தே கழிகிறது. மொத்தமே 150 கிலோ என்றால் கூடாரமும் கேஸ் சிலிண்டரும் ஏற்றும் முன்பே நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. மாட்டும்போது சேஸியில் துளை போடக் கூடாது, கிளாம்ப்தான். மெல்லிய தகட்டுச் சேஸிகளுக்கு வலுவூட்டும் தகடும் தேவை. அந்த போல்ட்டுகளை ஆண்டுக்கு ஒருமுறை டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ரோலர் டயரில் அழுந்தியிருக்க, காரோடு கோத்து ஓட்டிவிடுவது அரிதல்ல. சாலை வேகத்தில் சக்கரம் மோட்டாரைச் சுழற்றி கியரை நொறுக்கிவிடும். அந்தப் பில் புது மூவரின் விலையை நெருங்கும். தானாக விலகும் மாடல்களில் பேட்டரி தீர்ந்தால் ரோலர் அப்படியே நின்றுவிடும். கையால் விலக்க ஓர் அவசர வழி பொதுவாக வைத்திருக்கிறார்கள். அந்த போல்ட் எங்கே, எந்த அளவு ஸ்பானர் என்பதை வீட்டில் நிற்கும்போதே பார்த்து, ஸ்பானரைப் பேட்டரிப் பெட்டியில் போட்டு வையுங்கள். மாதக்கணக்கில் வண்டி நிற்கும்போது ரோலரை அழுத்தியபடி விட்டால் டயரில் பள்ளம் விழும், ஐசொலேட்டரை அணைக்காவிட்டால் பேட்டரி மெல்ல வடிந்துவிடும்.

பழைய கேரவனை மூவரோடு வாங்குகிறவர்கள், விற்பவர் சமதளத்தில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டுவதோடு திருப்தி அடைய வேண்டாம். இரு பக்கமும் முழு வட்டமாகத் திருப்பச் சொல்லுங்கள், ஒரு சிறு ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். அப்போது பேட்டரி முனையில் மீட்டர் இருக்கட்டும். ரிமோட் எத்தனை இருக்கிறது, அந்த மாடலுக்கு ரிமோட் இன்னும் விற்பனையில் கிடைக்கிறதா என்று விலை பேசும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.